பழைய டீசல் அம்பாசடர் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? பம்ப்பைக் கழற்றும் முன் ஏர் எடுத்துப் பாருங்கள்

காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. விட்டு விட்டு அடித்த பிறகு திணறிக்கொண்டு பிடிக்கிறது, கொஞ்ச நேரம் உதறுகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. அன்றைக்கு முழுக்க எங்கே நிறுத்தினாலும் ஒரே அடியில் ஸ்டார்ட். மறுநாள் காலை மறுபடி அதே கதை. பழைய டீசல் அம்பாசடர் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது.

இப்படிப்பட்ட வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் “பம்ப் வேலை இருக்கு” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். தயவுசெய்து அவசரப்பட்டுப் பம்ப்பைக் கழற்ற விடாதீர்கள். டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் இந்த பம்ப்தான் டீசல் சிஸ்டத்திலேயே செலவு கூடிய பாகம். கழற்றி மாட்டினால் டைமிங்கும் (டீசல் பாய வேண்டிய நேரம்) திரும்ப வைக்க வேண்டும். மேலே சொன்ன அறிகுறிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது, டீசல் லைனில் எங்கோ காற்று புகுவதைத்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு ட்யூப்பும் நாலு ஸ்பேனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.

உத்தர்பாடா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடும் எந்த அம்பாசடரின் ரப்பர் ஹோஸும் கம்பெனி மாட்டியதாகவே இருந்தால் அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பழைய 1489 சிசி பிஎம்சி வகை எஞ்சின், பின்னால் வந்த 1995 சிசி இசுஸு எஞ்சின் இரண்டுக்கும் இந்த முறை பொருந்தும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள காண்டசா டீசல், பழைய ஜீப் வைத்திருப்பவர்களும் பின்பற்றலாம். காமன் ரெயில் வண்டிகளில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் பல மடங்கு அதிகம்.

காற்று புகுந்தால் ஏன் பிடிக்காது?

பம்ப் டீசலை நூறு பாருக்கு மேல் அழுத்தினால்தான், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் திறக்கும். டீசல் அவ்வளவு எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் குமிழி இருந்தால் பம்ப்பின் ஒவ்வொரு அடியும் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். நாசில் வாயே திறக்காது.

அடுத்த விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டேங்க் வண்டியின் பின்னால், தாழ்வாக இருக்கிறது. ஃபீட் பம்ப் என்ற இன்னொரு சின்ன பம்ப் அங்கிருந்து டீசலை உறிஞ்சித்தான் இழுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இரவில் வண்டி நிற்கும்போது அதே வெடிப்பு வழியாகக் காற்று ஏற ஏற, லைனில் இருந்த டீசல் மெல்ல டேங்க்குக்கே இறங்கிவிடும். தரையில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. “எங்கேயும் லீக் இல்லையே” என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

படி 1: முதலில் சைலன்சரைப் பாருங்கள்

ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் போய் நில்லுங்கள். எஞ்சின் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். அப்படியானால் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றுவது), பேட்டரி, கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும். படி 6-க்குப் போங்கள். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை.

புகை இல்லாதபோது, எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. எஞ்சினை நிறுத்த இழுக்கும் கேபிள் இருக்கும் வண்டியில், பம்ப்பில் உள்ள ஸ்டாப் லிவர் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். சாவியால் நிற்கும் வண்டியில், சாவியை ஆன் செய்ததும் பம்ப்பின் மேல் உள்ள சோலனாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) ‘டிக்’ என்று சத்தம் கொடுக்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் வயரைப் பாருங்கள். பம்ப் பழியைச் சுமந்து, கடைசியில் ஒரு துருப்பிடித்த வயர் முனை காரணமாக இருந்த வண்டிகள் நிறைய உண்டு.

படி 2: குமிழியைக் கண்ணால் பாருங்கள்

வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் இடத்தில், உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியும்படி கண்ணாடி போன்ற ட்யூப் ஒரு துண்டை கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். டீசல் மட்டும் போனால் ட்யூப் அசையாமல் வெறும் மஞ்சளாகத் தெரியும். காற்று வந்தால் குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் வரிசையாக ஓடும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அவை அதிகமாகும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் வரும் குமிழிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், ட்யூப் மாட்டும்போது புகுந்த காற்று அது. ஐந்து நிமிடம் கழித்தும் வந்துகொண்டே இருந்தால் ஓட்டை இருக்கிறது.

சாதாரண பிளாஸ்டிக் ட்யூப் டீசலில் ஊறினால் சில வாரங்களில் விறைத்து வெடித்துவிடும். சோதனை முடிந்ததும் கழற்றி, நல்ல டீசல் ஹோஸை மாட்டிவிடுங்கள்.

படி 3: ஓட்டை எந்தப் பக்கம்?

ஒரு சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றிப் பானட்டுக்குள் சாயாமல் வையுங்கள். டேங்க்கிலிருந்து வரும் குழாயை ஃபீட் பம்ப்பில் கழற்றிவிட்டு, அங்கே ஒரு புது ஹோஸை மாட்டி மறுமுனையைக் கேனுக்குள் விடுங்கள். இப்போது எஞ்சினை ஓடவிட்டுக் குமிழியைக் கவனியுங்கள். எரியாமல் மிஞ்சித் திரும்பும் ரிட்டர்ன் டீசல் டேங்க்குக்கே போவதால் கேன் குறைந்துகொண்டே வரும், அதிலும் ஒரு கண் இருக்கட்டும்.

குமிழி நின்றுவிட்டால் கோளாறு பின்பக்கம். வண்டிக்கு அடியில் போய் ரப்பர் ஹோஸ் முனைகளை மடக்கிப் பாருங்கள், மயிரிழை வெடிப்புகள் மடக்கும்போதுதான் தெரியும். இரும்புக் குழாயைச் சேசிஸோடு பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் துரு அரித்திருக்கும், கிளிப்பை நகர்த்திப் பார்க்க வேண்டும். டேங்க் நிறைய டீசல் இருக்கும்போது நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் தொந்தரவு தரும் வண்டி என்றால், டேங்க்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய் பாதி உயரத்தில் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதேபோல் மூக்கு கீழாகச் சரிவில் நிறுத்தினால் காலையில் சட்டென்று பிடிக்கிறது, மூக்கு மேலாக நிறுத்தினால் பிடிக்கவில்லை என்றாலும் டீசல் பின்னால் இறங்குகிறது என்றுதான் பொருள்.

கேன் வைத்தும் குமிழி வந்தால் ஃபீட் பம்ப், ஃபில்டர், அவற்றின் காப்பர் வாஷர்கள் என்று முன்பக்கத்தில் தேடுங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குள் இருக்க வேண்டும். இவ்வளவு கந்தகத்தை நீக்கும்போது டீசலின் சேர்மானமும் கொஞ்சம் மாறுகிறது. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த நைட்ரைல் ரப்பர் சீல்கள் இதில் சுருங்கிக் கசியலாம். அதனால் பழைய சீலைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். புதிது வாங்கும்போது வைட்டான் (டீசலை நன்கு தாங்கும் ரப்பர் வகை) சீல் கேளுங்கள். சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் விசாரியுங்கள். பழைய பாகமே வேண்டுமானால் புதுப்பேட்டை, கோவைக்காரர்களுக்கு உக்கடம்.

படி 4: ஃபில்டர் மாற்றுதல்

நடுவில் ஒரு நீள போல்ட் உள்ள சிஏவி வகை ஃபில்டரைச் சொல்கிறேன். வெளிப்பக்கத்தை முதலில் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு மணல் துகள் பம்ப்புக்கு எமன். கீழே ஒரு டப்பா வைத்து, போல்ட்டைத் தளர்த்தினால் கிண்ணமும் எலிமெண்ட்டும் கையோடு வந்துவிடும்.

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் தவறுவது. பழைய ரப்பர் சீல், ஃபில்டர் தலையின் உள்பள்ளத்திலேயே கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்க இரும்பின் பகுதி போலவே தெரியும். அதைக் கவனிக்காமல் புதுச் சீலை அதன்மேல் வைத்து முறுக்கினால், இரண்டு சீல் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்து நிச்சயம் காற்று இழுக்கும். விரல் நுனியால் பள்ளத்தைத் தடவி, பழையதைக் கிளறி எடுங்கள். நடு போல்ட்டுக்கு உரிய சின்ன ஓ-ரிங்கையும் மறக்காமல் மாற்றுங்கள். புதுச் சீலில் டீசல் தடவி, நேராக வைத்து, அளவாக முறுக்கினால் போதும்.

படி 5: ஏர் எடுத்தல்

அம்பாசடரின் பழைய எஞ்சினுக்கு அங்குல ஸ்பேனர்கள், இசுஸு எஞ்சினுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் வேண்டும். பொருந்தாத ஸ்பேனரை வைத்து நிப்பிள் தலையை உருட்டிவிடாதீர்கள்.

ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்குருவை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். ஃபீட் பம்ப்பின் கை லிவரை அடியுங்கள். லிவர் கனமே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எஞ்சினுக்குள் அந்த பம்ப்பை இயக்கும் கேம் முழு உயரத்தில் அதை அழுத்திப் பிடித்திருக்கும். எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் கனம் வந்துவிடும். ஸ்குருவில் முதலில் நுரை வரும், பிறகு நுரையும் டீசலுமாகத் துப்பும், கடைசியில் தெளிவான டீசல் வழியும். லிவரை அடித்துக்கொண்டே ஸ்குருவை மூடுங்கள்.

பம்ப்பின் தகட்டைப் படியுங்கள். அது சிஏவி அல்லது லூகாஸின் டிபிஏ வகை என்றால் பம்ப்பின் பக்கவாட்டில் ஒன்றும், மேல் மூடியில் ஒன்றுமாக ஏர் ஸ்குரு இருக்கும். கீழே உள்ளதை முதலிலும் மேலே உள்ளதை அடுத்தும் இதே முறையில் எடுங்கள். மைகோ அல்லது பாஷின் விஇ வகைப் பம்ப்பில் காற்று ரிட்டர்ன் வழியாகவே வெளியேறும். சாவியை ஆன் நிலையில் வைத்து, ஃபில்டர் மேல் உள்ள பிரைமர் பொத்தான் கெட்டியாகும்வரை அழுத்துங்கள்.

கடைசியாக நாசில் பக்கம். ஏதாவது இரண்டு நாசில் குழாய்களின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, மேலே துணி போட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு நிமிடம் செல்ஃப் மோட்டார் ஆறட்டும். நட்டில் டீசல் துடித்து வரத் தொடங்கியதும் முறுக்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். விரலையோ உள்ளங்கையையோ குழாய் வாயில் வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஊசி குத்தியதுபோல் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

படி 6: ஹீட்டர் பிளக்

பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். 12 வோல்ட் டெஸ்ட் பல்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பிளக் தலையையும் தொடுங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுந்துபோகவில்லை. எரியாத பிளக்கை மாற்றுங்கள். பல்பு இல்லாமல் நேரடி வயரால் தொட்டுச் சோதிக்காதீர்கள். சில பழைய எஞ்சின்களில் குறைந்த வோல்ட் பிளக்குகள் தொடராக இணைந்திருக்கும், 12 வோல்ட் நேராகப் பட்டால் எரிந்துபோகும்.

ஊட்டிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் ஆகாது. ஆனால் சென்னையில் மே மாதக் காலையில்கூட ஹீட்டரை நீண்ட நேரம் போட்டால்தான் பிடிக்கும் என்றால், பேட்டரி பலமில்லாமல் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுக் கம்ப்ரஷன் சோதியுங்கள்.

செய்யக் கூடாதவை

ஏர் ஃபில்டரில் பெட்ரோல் நனைத்த துணி வைப்பது, ஈதர் ஸ்ப்ரே அடிப்பது இரண்டும் சிலர் சொல்லும் குறுக்குவழி. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் எஞ்சினில் அது நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம். இந்தப் பம்ப்புகளுக்கு உள்ளே மசகு டீசல்தான், மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை.

வேலை முடிந்ததும் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்ட ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துவிட்டு ஈரம் கசிகிறதா பாருங்கள். இரவு முழுக்க வண்டியை மூக்கு மேலாக நிறுத்திவையுங்கள். காலையில் வழக்கமான ஹீட்டர் நேரத்துக்குப் பிறகு ஒரே அடியில் பிடித்தால் ஓட்டை அடைபட்டுவிட்டது. குமிழி ஒன்றுமே இல்லாமல், எல்லா பிளக்கும் சரியாக இருந்து, நல்ல பேட்டரியோடும் பிடிக்கவில்லை என்றால், அப்போது நாசில்களைக் கழற்றி டெஸ்ட் செய்யக் கொடுங்கள். பம்ப்பின் முறை அதற்குப் பிறகுதான்.