புதுப் பவர் ஆம்ப்ளிபயர்: அவசரத் தீர்ப்பும் பிற தவறுகளும்

பல லட்சம் ரூபாய் கொடுத்து, ஸ்பீக்கரை இயக்கும் ஒரு ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிபயரை வீட்டுக்குக் கொண்டுவந்தவர், முதல் வாரத்திலேயே “பேஸ் இறுகிவிட்டது, பாடகர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்” என்று சொல்லத் தொடங்குகிறார். ஆறு மாதம் கழித்து அதே மனிதர் “ஏதோ ஒன்று குறைகிறது” என்று அடுத்த பெட்டியைத் தேடுகிறார். நான் பார்த்தவரை, இந்த இரண்டு பேச்சிலும் ஆம்ப்ளிபயரின் பங்கு கொஞ்சம்தான். ஒலி அளவு, ஸ்பீக்கர், அறை, வீட்டு மின்சாரம் ஆகியவற்றின் குணங்களையெல்லாம் புதிதாக வந்த பெட்டியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இதனால் நல்ல கருவிகள் கெட்ட பெயரோடு கைமாறுகின்றன. வாங்கியவரின் சேமிப்பும் கரைகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒலி அளவைச் சமப்படுத்தாமல் பழையதையும் புதியதையும் ஒப்பிடுவது. ஒரே பாடல், ஒரே இருக்கை, வால்யூம் குமிழும் அதே இடத்தில் இருக்கிறது. ஆகவே ஒப்பீடு சரியானது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குகிறது என்பதைச் சொல்லும் கெயின், ஆம்ப்ளிபயருக்கு ஆம்ப்ளிபயர் மாறும். கலிபோர்னியாவிலிருந்து வரும் பாஸ் லேப்ஸ் எக்ஸ்ஏ25 ஆம்ப்ளிபயரின் கெயின் 20 டெசிபல். பெஞ்ச்மார்க் ஏஎச்பி2 ஆம்ப்ளிபயரின் பின்பக்கத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. அது நிற்கும் இடத்தைப் பொறுத்து கெயின் 9.2, 17, 23 டெசிபல் என்று மாறும். 23-இல் வைத்தால் அது எக்ஸ்ஏ25-ஐவிட 3 டெசிபல் உரக்க ஒலிக்கும், 9.2-இல் வைத்தால் ஏறக்குறைய 11 டெசிபல் அடங்கி ஒலிக்கும். ஒரே கருவியை ஒருவர் துடிப்பானது என்றும் இன்னொருவர் உயிரில்லாதது என்றும் சொல்வதற்கு அந்தச் சுவிட்ச் ஒன்றே போதும். வித்தியாசம் அரை டெசிபலாக இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். அதைக் காது ‘உரக்க’ என்று எடுத்துக்கொள்வதில்லை. ‘தெளிவு’, ‘விரிவு’, ‘நெருக்கம்’ என்று எடுத்துக்கொள்கிறது.

இதற்கான தீர்வு சாதாரண மல்டிமீட்டரில் இருக்கிறது. 100 அல்லது 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக் கோப்பு ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்டேஜை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல மலிவான மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் தவறாகக் காட்டும் என்பதால் 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம். முதல் ஆம்ப்ளிபயரில் மீட்டர் 2.00 வோல்ட் காட்டினால், இரண்டாவதை இணைத்தபின் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவே வரும்வரை வால்யூமைத் திருத்துங்கள். ஒரு சதவீத வோல்டேஜ் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். பிறகு வீட்டில் இன்னொருவரைக் கேபிள் மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். மலைபோல் தெரிந்த வித்தியாசங்களில் பல இந்த இடத்திலேயே கரைந்துவிடும். எஞ்சி நிற்கும் வித்தியாசம் நிஜமானது. அதைத் தைரியமாக எழுதலாம்.

இது இன்று நேற்று எழுந்த கேள்வி இல்லை. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1978-இல் தன்னுடைய வால்வு ஆம்ப்ளிபயரான குவாட் II, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களான 303, 405 ஆகிய மூன்றையும் அனுபவமுள்ள காதுகளுக்கு முன்னால் வைத்து, பெயரை மறைத்துச் சோதித்தது. நம்பகமான வித்தியாசம் எதுவும் தேறவில்லை. 1985-இல் அமெரிக்காவில் ஆம்ப்ளிபயர் வடிவமைப்பாளர் பாப் கார்வர் வேறொரு வழியில் போனார். ஸ்டீரியோபைல் இதழ் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த ஆம்ப்ளிபயர் ஒன்றையும் தன்னுடைய மலிவான ஆம்ப்ளிபயரையும் எதிரெதிராக இணைத்து, இரண்டுக்கும் இடையே மிஞ்சும் ஒலியை அளந்து, அது அடங்கும்வரை தன் சர்க்யூட்டைத் திருத்திக்கொண்டே போனார். கடைசியில் இதழின் விமர்சகர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை.

ஆம்ப்ளிபயர்கள் எல்லாம் ஒன்றே என்ற முடிவுக்கு நான் இதிலிருந்து வரவில்லை. ஒரு ஆம்ப்ளிபயரைத் தனித்து நிறுத்தும் காரணங்கள் சில உண்டு; அவை அளவில் பிடிபடும். வெளியீட்டு இம்பீடன்ஸ் (வெளியீட்டு முனையில் உள்ள மின் எதிர்ப்பு), இரைச்சல், திணறும்போது நடந்துகொள்ளும் விதம், 2 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கரைத் தாங்கும் திறன் ஆகியவை அந்தப் பட்டியலில் முன்னால் நிற்கின்றன. உங்கள் ஸ்பீக்கர் அப்படிப்பட்ட கடினமான சுமை என்றால், உயர்ரக ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்த பணம் காதில் தெரியும். 8 ஓமுக்குக் கீழே இறங்காத ஸ்பீக்கர் என்றால் தெரியாமலே போகலாம்.

“குமிழைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கிறது, எனவே வலு போதவில்லை” என்பது அடிக்கடி கேட்கும் புகார். குமிழின் நிலைக்கும் வலுவுக்கும் தொடர்பில்லை. சிடி பிளேயர் ஒன்று முழு அளவில் 2 வோல்ட் தருகிறது என்று வையுங்கள். 20 டெசிபல் கெயின் என்பது வோல்டேஜில் பத்து மடங்கு; வெளியே 20 வோல்ட் வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 50 வாட். எக்ஸ்ஏ25-க்கு அறிவிக்கப்பட்ட அளவே 25 வாட்தான். குமிழ் கடிகார முள்ளின் மூன்று மணி நிலையில் நின்றாலும் ஆம்ப்ளிபயரிடம் தேவையானது வந்துகொண்டுதான் இருக்கிறது. குறைந்த கெயினால் ஒரு நன்மையும் கிடைக்கிறது: முன்னால் நின்று வால்யூமைக் கட்டுப்படுத்தும் பிரீ ஆம்ப்ளிபயரின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் ஸ்பீக்கர்வரை வந்து சேர்வது குறையும்.

25 வாட் போதுமா என்பது அடுத்த கேள்வி. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் 300 வாட்டுக்கு ஓடுபவர்களும் உண்டு, 25-ஐ நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. 87 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் அளவு) உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள், மூன்று மீட்டர் தூரத்தில் நீங்கள், நடுத்தரமான அறை. ஆளுக்கு ஒரு வாட் கொடுத்தால் உங்கள் இருக்கையில் ஏறக்குறைய 83 டெசிபல் கேட்கும். சராசரி 75 டெசிபலில் கச்சேரி கேட்பவருக்கு ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு போதும். ஆனால் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் ஒரு அழுத்தமான ‘தோம்’ சராசரியைவிட 20 டெசிபல்வரை எகிறலாம். அது நூறு மடங்கு வாட். அந்த ஒரு நொடிக்குள் 16 வாட் தேவைப்படும். எக்ஸ்ஏ25 அதைச் சிரமமில்லாமல் தரும். அதே மனிதர் வார இறுதியில் தவிலையும் நாகஸ்வரத்தையும் 85 டெசிபல் சராசரியில் வைத்தால் உச்சத்துக்கு 160 வாட் வேண்டும். தவில் அடி மழுங்கி, நாகஸ்வரம் கூர்மையாகக் குத்தும். பழி ஆம்ப்ளிபயரின் ‘குணத்தின்’ மேல் விழும். எதைக் கேட்கிறோம், எவ்வளவு உரக்கக் கேட்கிறோம் என்று சொல்லாமல் எழுதும் எந்த அனுபவக் குறிப்பும் அடுத்தவருக்குப் பயன்படாது.

பாட்டைப் போட்டுச் சோதிப்பதிலும் ஒரு பழக்கம் என்னை வருத்துகிறது. டெமோ டிஸ்க் என்று விற்கும் நாலு பதிவுகளை மட்டும் போட்டுக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது. அவை எந்த ஆம்ப்ளிபயரிலும் நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு வரிக்கு வரி பழகிய பதிவுகளை, அவற்றின் இரைச்சலோடும் பிசிறோடும் கேளுங்கள்.

‘புதுக் கருவி நூறு மணி நேரம் ஓடினால்தான் ஒலி திறக்கும்’ என்ற நம்பிக்கைக்கு நான் மதிப்புத் தருவதில்லை. அந்த நூறு மணி நேரத்தில் பழகுவது பெரும்பாலும் நம் காதுதான். சூடேறும் நேரம் வேறு விஷயம். பாட்டு ஓடாதபோதும் நிறைய மின்னோட்டத்தை இழுக்கும் கிளாஸ் ஏ வகை ஆம்ப்ளிபயரில் டிரான்சிஸ்டர்களின் அந்த நிலைமின்னோட்டம் சமநிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். இதைக் கேள்விப்பட்ட சிலர் கருவியை இரவும் பகலும் அணைப்பதே இல்லை. கிளாஸ் ஏ வகையான எக்ஸ்ஏ25 சும்மா இருக்கும்போதே 240 வாட் எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்கிறார்கள். அணைக்காமல் வைத்தால் அந்த ஒரு பெட்டி மட்டும் சுமார் 345 யூனிட் சேர்த்துவிடும். அது கக்கும் வெப்பத்தை வெளியேற்ற ஏசியும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

வெப்பம் நம் ஊரில் தனிப் பிரச்சினை. குளிர் நாடுகளில் இருப்பவர்கள் எழுதும் கையேட்டு அளவுகளை மே மாதச் சென்னைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துடுப்புகளான ஹீட் சிங்க் அறையைவிட 25 டிகிரி கூடுதலாக ஓடும் என்று வைத்துக்கொண்டால், 22 டிகிரி அறையில் 47. 38 டிகிரி அறையில் 63. மின்பகு கெபாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. டிவி அலமாரிக்குள் கதவை மூடி வைப்பதும், மேலே பூ வேலை செய்த துணி விரித்து அதன்மேல் புகைப்படம் வைப்பதும் இந்த ஆயுளைத்தான் தின்கின்றன. மேலேயும் பக்கங்களிலும் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

அந்த இதமான வெப்பத்துக்குப் பல்லியும் வரும். நண்பர் வீட்டில் உயிர்விட்ட ஆம்ப்ளிபயர் ஒன்றைத் திறந்தபோது, பவர் சப்ளை பலகையின் இரண்டு முனைகளுக்கு நடுவே காய்ந்து கருகி ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு சிறு பல்லி. வால் ஒரு கெபாசிட்டரின் அடியில், தலை பக்கத்து ரெக்டிபயரின் காலில். வலை ஒட்டி அடைத்தால் காற்று நின்றுவிடும். சுவரிலிருந்து தள்ளிவைத்து, நீண்ட நாள் பயன்படுத்தாதபோது பிளக்கைக் கழற்றி, ஆறியபின் மட்டும் துணியால் மூடுவதே எனக்குத் தெரிந்த வழி.

மின்சாரத்துக்கு வருவோம். ஜப்பானில் விற்ற அக்யூபேஸ், லக்ஸ்மன் போன்ற நிறுவனங்களின் பழைய ஆம்ப்ளிபயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்குகிறார்கள். அவை 100 வோல்ட் கருவிகள். நம் 230 வோல்ட் சாக்கெட்டில் சொருகினால் அந்த நொடியே கதை முடிந்துவிடும். நல்ல ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம், அதுவும் கருவி எடுக்கும் உச்ச அளவைவிடத் தாராளமான திறனில். ஜப்பானின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 என்பதால் அதிர்வெண் விஷயத்தில் அவை பொதுவாகத் தொல்லை தருவதில்லை. அமெரிக்காவுக்கென்றே 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் நம் 50-இல் கூடுதலாகச் சூடாகி உறுமலாம். மின்வெட்டுக்கு வைத்திருக்கும் சதுர அலை இன்வெர்ட்டரில் இந்தக் கருவிகளை ஓட்டவே கூடாது. சுவிட்ச் போட்டதும் எம்சிபி (மின்னோட்டம் மிகும்போது தானாக விழும் சுவிட்ச்) விழுந்தால் கருவி பழுது என்று உடனே பதறாதீர்கள். பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மரும் கெபாசிட்டர்களும் முதல் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அப்படிப்பட்டது. அந்த லைனுக்கு, தொடக்க இழுப்பைக் கூடுதலாகத் தாங்கும் சி வகை எம்சிபி பொருந்துமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

இனி சொல்லப்போவதை மட்டும் யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற ஹம் கேட்டால், மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லும் ஆலோசனை நம்மிடையே சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. ஹம் நின்றுவிடும் என்பதும் பல நேரம் உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு ஒயர் பெட்டியைத் தொட்டால், அந்தப் பளபளப்பான அலுமினிய முகப்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். குழந்தை கை வைக்கும் உயரத்தில். எர்த்தைத் தொடாதீர்கள். முதலில் ஆம்ப்ளிபயரை அணைத்து, உள்ளீட்டுக் கேபிள்களைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக் கேளுங்கள். ஹம் போய்விட்டால் காரணம் வெளியே. ஒவ்வொரு கருவியாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் குற்றவாளி பிடிபடும். கேபிள் டிவியோ டிஷ் ஆன்டெனாவோ கொண்டுவரும் கோஆக்சியல் கேபிள்தான் பல வீடுகளில் காரணம். எல்லாக் கருவிகளையும் ஒரே சாக்கெட் வரிசையிலிருந்து இயக்குவதும் உதவும். உறுமல் ஸ்பீக்கரிலிருந்து வராமல் பெட்டியிலிருந்தே வந்தால், அது டிரான்ஸ்பார்மரின் அதிர்வு. லைனில் சிறிது டிசி கலந்திருந்தால் டொராய்டல் இப்படி முனகும். பாதி வேகத்தில் ஓடும் சில ஹேர் டிரையர்களும் பழைய டிம்மர்களும் இதைச் செய்வதுண்டு.

கேபிள் விஷயத்தை நீட்ட விருப்பமில்லை. டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் 8 ஓமை ஆம்ப்ளிபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸால் வகுத்த எண்) 500 என்று பெருமைப்படும் ஆம்ப்ளிபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 0.016 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஐந்து மீட்டர் போய்வர 0.08 ஓம் சேர்கிறது. 500 என்பது 80-க்கு வந்துவிடும். அதுவே போதுமான அளவு. குறை தெரிவதாகப் பட்டால் 4 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், அல்லது கம்பியைக் குட்டையாக்குங்கள். பல லட்சத்துக்குக் கம்பி வாங்கும் பணத்தை அறையின் எதிரொலியை அடக்கச் செலவிட்டால் அன்று மாலையே பலன் தெரியும்.

வால்வு பிரீ ஆம்ப்ளிபயர் வைத்திருப்பவர்கள், வாங்கும் முன் பவர் ஆம்ப்ளிபயரின் உள்ளீட்டு இம்பீடன்ஸைப் பார்த்துவிடுங்கள். அது பிரீயின் வெளியீட்டு இம்பீடன்ஸைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேஸ் மெலியும். சில ஆம்ப்ளிபயர்களில் ஸ்பீக்கரின் மைனஸ் முனையும் மின் ஓட்டமுள்ள முனையே. அதைத் தரையென்று நினைத்து சப்வூஃபரின் கிரவுண்டோடு இணைத்தவர்கள் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை இழந்திருக்கிறார்கள். கையேட்டில் இதற்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கும், படியுங்கள். கேபிள் மாற்றும் எந்த வேளையிலும் பவர் ஆம்ப்ளிபயரை முதலில் அணைத்து, கடைசியில் போடுங்கள்.

பழுது பார்க்க நேர்ந்தால், டிரான்சிஸ்டரை எங்கிருந்து வாங்கினார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்ற புகழ்பெற்ற ஜோடிகளுக்குப் போலிகள் சந்தையில் தாராளமாக உலவுகின்றன. சிறு ஒலியில் ஓடும், ஒரு பெரிய தவில் அடியில் ஸ்பீக்கரையும் சேர்த்து எரிக்கும். அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரின் ரசீது இருந்தால் மட்டும் மாற்ற அனுமதியுங்கள். சர்வீசுக்கு அனுப்பும் நாள் வரும் என்பதால், 20, 30 கிலோ எடையைத் தாங்க வடிவமைத்த அந்த இரட்டை அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த நுரைத் தாங்கிகளையும் எறிந்துவிடாதீர்கள். தட்டையாக மடித்து, பூச்சி அரிக்காமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி, பரணில் ஏற்றுங்கள்.