வறட்டு இருமலுக்கு ஒரு துண்டு அதிமதுரம்

படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, சுண்டுவிரல் நகமளவு அதிமதுரத் துண்டை வாயில் அடக்கி, ஊறும் சாற்றை மெல்ல விழுங்குங்கள். சக்கையைத் துப்பிவிட்டுப் படுங்கள். மயிலாப்பூரில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் வேராகவே கேட்டு வாங்கலாம். எரிச்சலுற்ற தொண்டையில் அதன் சாறு வழுவழுப்பாகப் படிகிறது. உமிழ்நீரும் பெருகுவதால் இருமலைத் தூண்டும் அரிப்பு தணிகிறது. ஏ.சி. அறையில் தொண்டை காய்பவர்கள் அவசியம் செய்து பாருங்கள்.

இரத்த அழுத்தம், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம்: அதிலுள்ள கிளைசிரைசின் அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். மற்றவர்களும் சில நாட்களோடு நிறுத்துங்கள். சிறு குழந்தைகளுக்குத் துண்டாகத் தராதீர்கள். இருமல் 2 வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள்.