தி கேட் லேடி: முதல்முறை விளையாடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாவையும் அதற்கு அப்பால் இருப்பதையும் பற்றிய ஹாரர் கேம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது 2012-இல் வெளிவந்த 'தி கேட் லேடி'. மற்ற கேம்கள் சாவில் முடியும். இது அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: இப்போது விளையாடலாமா என்று யோசியுங்கள். தனிமையில் வாழும் சூசன் ஆஷ்வொர்த் தற்கொலை செய்துகொள்வதுதான் முதல் காட்சி. வன்முறையும் நிறைய உண்டு. மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் இதைத் தொடவே வேண்டாம். முதலில் நெருங்கிய ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள். கேம் எங்கும் போய்விடாது.

படி 2: ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். வசனங்கள் எல்லாமே குரலில் வருகின்றன. சப்டைட்டிலை வேகமாகப் படித்துத் தாண்டிப் போனால் பாதி கதை போய்விடும்.

படி 3: மவுஸுக்கு வேலையில்லை. இடது, வலது அம்புக்குறிகள் நடக்க. மேல் அம்புக்குறி ஒரு பொருளைப் பார்க்கவோ பயன்படுத்தவோ. கீழ் அம்புக்குறி கையில் உள்ள பொருட்களைக் காட்டும். அவ்வளவுதான்.

படி 4: சூசன் கண் விழிப்பது ஒரு கோதுமை வயலில். இங்கே அவசரமே வேண்டாம், நடந்துகொண்டே இருங்கள். புழுக்களின் ராணி என்கிற கிழவியைச் சந்திப்பீர்கள். சூசனுக்குச் சாகாவரம் தந்து, 'ஒட்டுண்ணிகள்' எனப்படும் 5 கொடியவர்களை எதிர்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்புகிறாள். சூசன் இந்த வரத்தைக் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஓய்வு மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் அவள் பேசும் ஒவ்வொரு சொல்லும் புரியும்.

படி 5: பதில்களை நீங்களே தேர்ந்தெடுங்கள். புதிர்களில் சிக்கினால் இணையத்தில் விடை பார்க்கலாம், தப்பில்லை. பெரும்பாலும் ஒரு பொருளை எடுத்து இன்னோரிடத்தில் பயன்படுத்தினால் வழி திறந்துவிடும். ஆனால் உரையாடல்களுக்கு யாரிடமும் விடை கேட்காதீர்கள். முடிவு ஒன்றல்ல, பல. எந்த முடிவு வரும் என்பதில் நம் பதில்களுக்கும் பங்கு உண்டு.

படி 6: சூசன் வீடு திரும்பியதும் கொஞ்சம் நிதானியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. அவள் மனம் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. காபி, குளியல் மாதிரியான சின்ன விஷயங்கள் அவளை ஆசுவாசப்படுத்தும். எரிச்சலூட்டும் ஒவ்வொன்றும் அவளைக் கீழே தள்ளும். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை இங்கே மட்டும் விட்டுவிடுங்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரு சாதாரண நாளைக் கடப்பதே எவ்வளவு கடினம் என்பதை இத்தனை நேர்மையாகக் காட்டிய கேம்கள் குறைவு.

அப்புறம் மிட்ஸி வருவாள். குணமாகாத புற்றுநோயோடு சூசனுடன் தங்க வரும் இளம்பெண். சாக நினைத்தவளும் வாழ நேரமில்லாதவளும் பேசிக்கொள்ளும் இடங்களில் எந்த வசனத்தையும் தாண்டாதீர்கள். முக்கியமான பதில் சொல்லும் முன் தனியாக ஒரு சேவ் (அதுவரை ஆடியதன் பதிவு) வைத்துக்கொள்ளுங்கள், வேறு முடிவைப் பார்க்க உதவும்.

முடித்துவிட்டீர்களா? அடுத்து 2016-இல் புதுப்பித்து வெளியிட்ட 'டவுன்ஃபால்', பிறகு 2019-இல் வந்த 'லோரெலாய்'. இரண்டும் அதே படைப்பாளியுடையவை.