தொகுத்தல் போரில் சிக்கிக்கொண்ட புதியவருக்கு: விக்கிப்பீடியாவில் தகராறைத் தீர்ப்பது எப்படி?

நேற்று இரவு உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் இரண்டு வரி சேர்த்தீர்கள். காலையில் பார்த்தால் காணோம். திரும்பச் சேர்த்தீர்கள், பத்தே நிமிடத்தில் மறுபடி நீக்கிவிட்டார்கள். இந்த முறை நீக்கியவர் வேறொருவர். அவருக்கு ஆதரவாக மூன்றாவது ஒருவரும் வந்து நிற்கிறார். "இது ஒரு கோஷ்டிப்பா" என்று தோன்றுகிறது. ஒருவர் சேர்க்க, இன்னொருவர் நீக்க என்று நீளும் இந்தச் சண்டையைத்தான் தொகுத்தல் போர் என்பார்கள். பலர் விக்கிப்பீடியாவை விட்டே போவது இந்தக் கட்டத்தில்தான். உள்ளூர் விவரமும் நல்ல எழுத்தும் கைவசம் உள்ளவர்கள் அப்படிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்த விளக்கம் அவர்களுக்காக.

உள்ளே போகுமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தகராறை எதிராளி தீர்த்துவைக்கப் போவதில்லை. அவர் மனம் மாறுவது அபூர்வம். நாளைக்கோ அடுத்த மாதமோ அந்தப் பக்கத்துக்கு வந்து நீங்கள் இருவரும் எழுதியதைப் படிக்கப்போகும் மூன்றாம் ஆள்தான் தீர்மானிப்பார். அவர் ஒரு நிர்வாகியாக இருக்கலாம், வழிப்போக்கராகவும் இருக்கலாம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும்.

படி 1: மீளமைப்பதை நிறுத்துங்கள்

மீளமைப்பது என்றால் பிறர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்குவது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு விதி உண்டு. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் ஒருவர் மற்றவர்களின் மாற்றத்தை மீளமைக்கக் கூடாது. நான்காவது முறை செய்தால் கணக்கைத் தடை செய்யலாம். புதியவர்கள் இதில் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். கட்டுரையின் வேறு வேறு பகுதிகளை மீளமைத்தாலும் எல்லாம் சேர்த்தே எண்ணப்படும். அப்புறம், மூன்று என்பது உங்களுக்குக் கொடுத்த பங்கு கிடையாது. தினமும் இரண்டு முறை மீளமைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினாலும் அது தொகுத்தல் போர்தான், அதற்கும் தடை வரும்.

"என் தகவல்தானே சரி?" என்பது அங்கே செல்லாது. அப்பட்டமான விஷமத்தையும், உயிரோடிருப்பவரைப் பற்றிய ஆதாரமற்ற அவதூறையும் நீக்குவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஊர்ப் பெயர்க் காரணம் அவற்றில் சேராது.

சண்டை முற்றினால் நிர்வாகி பக்கத்தைப் பூட்டுவார். பெரும்பாலும் அந்த நிமிடத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதிலேயே பூட்டுவார். அது எதிராளியின் பதிப்பாக இருந்தால் பதற வேண்டாம். யார் சொல்வது சரி என்பதை அந்தப் பூட்டு சொல்வதில்லை.

படி 2: வரலாற்றைப் படியுங்கள்

கட்டுரையின் மேலே இருக்கும் 'வரலாறு' இணைப்பைத் திறந்தால், யார், எப்போது, எதை மாற்றினார், என்ன காரணம் எழுதினார் என்று வரிசையாகத் தெரியும். நிதானமாகக் கீழ்வரை போங்கள். உங்கள் வரியை நீக்கியவர் "மேற்கோள் இல்லை" என்று தொகுப்புச் சுருக்கத்தில் எழுதியிருக்கலாம். கோபத்தில் அதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.

பிறகு, கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் கலந்துபேசும் பேச்சுப் பக்கத்துக்குப் போய், பழைய உரையாடல்களையும் அவற்றின் காப்பகங்களையும் பாருங்கள். நீங்கள் இன்று எழுப்பிய கேள்வி ஐந்து வருடத்துக்கு முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் தயிர் பற்றிய கட்டுரை 2002-இல் தொடங்கியது. தலைப்பில் ஆங்கிலச் சொல்லுக்கு நடுவே 'எச்' எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற வாக்குவாதம் 2011 வரை நீடித்தது. அமெரிக்க வழக்கம் ஒன்று, பிரிட்டன் வழக்கம் இன்னொன்று. இடையில் புதிதாக வந்து சேர்ந்த ஒவ்வொருவரும் பழைய பேச்சைப் படிக்காமல் முதலிலிருந்து ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 3: பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள்

இந்தப் படிக்கு நிறைய நேரம் கொடுங்கள். இதைச் சரியாகச் செய்துவிட்டால், கீழே உள்ளவற்றில் பாதி தேவைப்படாது.

பொதுவாகப் புதியவர் எழுதுவது இப்படி இருக்கும்:

"ஏன் என் தகவலைத் திரும்பத் திரும்ப அழிக்கிறீர்கள்? நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். உங்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் எல்லாரும் ஒரே கூட்டம் என்று எனக்குத் தெரியும்."

மூன்றாம் ஆள் இதைப் படித்தால் அவருக்கு என்ன தெரியவரும்? எந்த வரி, என்ன ஆதாரம், என்ன மறுப்பு என்று எதுவுமே தெரியாது. நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்பது மட்டும் தெரியும். அதே ஆள், அதே கோரிக்கை, இப்படி எழுதினால்:

"பெயர்க் காரணம் பகுதியில் நான் சேர்த்த இரண்டாவது வாக்கியம் இரண்டு முறை நீக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஆதாரமாக மாவட்ட விவரச்சுவடியின் (கெசட்டியர்) பக்க எண்ணைக் கொடுத்திருக்கிறேன். 'உள்ளூர்க் கதை' என்பதால் நீக்கியதாகச் சுருக்கத்தில் இருக்கிறது. சுவடியும் 'என்று மக்கள் சொல்கிறார்கள்' என்றுதான் குறிக்கிறது, அது உண்மை. ஆகவே 'உள்ளூர் வழக்கின்படி' என்று தொடங்கி எழுதலாமா? கல்வெட்டுச் சான்று காட்டும் முதல் வாக்கியம் அப்படியே இருக்கட்டும்."

இரண்டாவது பதிவில் பிரச்சினை எந்த வாக்கியத்தில் என்று இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது. எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லியிருக்கிறது. புதிய வாசகம் ஒன்றும் முன்வைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தக் கடைசிதான். "சேர்க்கலாமா, கூடாதா" என்று மட்டும் கேட்டால் இரண்டு அணிதான் உருவாகும். வாசகத்தை முன்வைத்தால், அதைத் திருத்த நாலு பேர் வருவார்கள்.

முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டுக் கையொப்பமிடுங்கள். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், இரவில் வந்து தொகுப்பவர்கள். ஆறு மணி நேரத்தில் பதில் இல்லை என்பதற்காகச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"நீ யார்?", "உன் கட்சி எது?", "உன் சாதி எது?" என்ற பேச்சுக்கு ஒரு வார்த்தை கூடப் பதில் கொடுக்க வேண்டாம். எதிராளி அந்தப் பக்கம் இழுத்தாலும் போகாதீர்கள். அவருடைய அந்த வரிகளும் பக்கத்தில் அழியாமல் இருக்கும், மூன்றாம் ஆள் அதையும் படிப்பார்.

படி 4: எந்த வகைத் தகராறு என்று பிரித்துப் பாருங்கள்

ஆதாரம் கொண்டுவந்தால் தீரும் தகராறுகள் உண்டு: அணை எந்த ஆண்டு கட்டி முடிந்தது, ஒருவர் எங்கே பிறந்தார் என்பவை. ஆதாரத்தால் தீராதவையும் உண்டு. கனடாவின் பெரிய நகரத்தை இலங்கைத் தமிழர் ரொறன்ரோ என்று எழுதுவார்கள், தமிழ்நாட்டில் டொராண்டோ என்று எழுதுவார்கள். இரண்டுமே அவரவர் வழக்கில் சரி. நூறு மேற்கோள் கொட்டினாலும் ஒரு பக்கம் தோற்காது. இதற்கு வேண்டியது ஓர் ஏற்பாடு.

நல்ல ஏற்பாட்டுக்குப் போலந்தின் துறைமுக நகரமான கதான்ஸ்க் ஓர் உதாரணம். ஜெர்மானியர் அதை டான்சிக் என்பார்கள். பல நூற்றாண்டு வரலாறும் ஓர் உலகப் போரும் அந்த இரண்டு பெயர்களில் இருக்கின்றன. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏராளமான கட்டுரைகளில் ஒருவர் ஒரு பெயரைப் போட, இன்னொருவர் மாற்ற, சண்டை ஓயவே இல்லை. 2005-இல் வாக்கெடுப்பு வைத்து, காலத்தைப் பிரித்தார்கள்: 1308-க்கு முந்திய செய்திக்குக் கதான்ஸ்க், 1308 முதல் 1945 வரை டான்சிக், அதற்குப் பிறகு மறுபடி கதான்ஸ்க். முதல் முறை குறிப்பிடும்போது மற்ற பெயரையும் அருகில் தர வேண்டும். இரு தரப்பிலும் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கட்டுரையிலும் தனித்தனியாக மோதுவது குறைந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. ஈழப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஆங்கில விக்கிப்பீடியாவில் தமிழரும் சிங்களவரும் வெளியாரும் சேர்ந்து இலங்கை நல்லிணக்கத்துக்கென ஒரு விக்கித் திட்டம், அதாவது ஒரே பொருளில் எழுதுபவர்கள் கூடும் குழு, தொடங்கினார்கள். எந்தச் செய்தித்தளத்தை எப்படி மேற்கோள் காட்டலாம் என்று பேசிப் பட்டியலிட்டார்கள். ஒரு தரப்புச் சார்பான தளத்தை அடியோடு தள்ளிவிடாமல், 'புலிகள் சார்பு', 'அரசு சார்பு' என்று அடையாளம் சொல்லிப் பயன்படுத்தும் வழியைத் தேடினார்கள். அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இங்கே உட்கார்ந்து இப்படிப் பேசியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மதிப்புக் கூடுகிறது. உங்கள் ஊர்ப் பெயர்ச் சண்டையிலும் இதே வழியைப் பிடிக்கலாம்: யார் சொன்னது என்பதை வாக்கியத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

படி 5: வெளியாளைக் கூப்பிடுங்கள், ஆனால் பகிரங்கமாக

பேசியும் முடியவில்லையா, சரி. ஆங்கில விக்கிப்பீடியாவில் இருவருக்கு இடையிலான தகராறு என்றால் 'மூன்றாம் கருத்து' கேட்கலாம். பலர் என்றால் பொதுக் கருத்துக் கேட்பு வைக்கலாம். அது வழக்கமாக 30 நாள் ஓடும். தமிழ் விக்கிப்பீடியா சிறிய சமூகம், அங்கே இத்தனை வாசல் கிடையாது. 'ஆலமரத்தடி' என்ற பொது உரையாடல் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதலாம். அதே துறையில் எழுதும் பயனர் ஒருவரின் பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம்.

கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "இந்த அநியாயத்தைப் பாருங்கள்" என்று எழுதாதீர்கள். "இந்தக் கட்டுரையின் பெயர்க் காரணம் பகுதி பற்றி இரண்டு கருத்துகள் உள்ளன, பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றால் போதும். உங்கள் பக்கம் பேசுபவர்களை மட்டும் பொறுக்கி அழைப்பது குற்றமாகவே பார்க்கப்படும். வாட்சப் குழுவில் "எல்லாரும் வந்து ஆதரவு போடுங்க" என்று செய்தி அனுப்புவது அதைவிட மோசம். ஆங்கில விக்கிப்பீடியாவின் கிழக்கு ஐரோப்பிய வரலாற்றுக் கட்டுரைகளில் எழுதிவந்த ஒரு குழுவினர் ரகசிய மின்னஞ்சலில் பேசிவைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் துணை நின்றது 2009-இல் வெளியே வந்தது. அங்கே தீர்ப்பு மன்றமாக இருக்கும் நடுவர் குழு விசாரித்துப் பலர்மீது நடவடிக்கை எடுத்தது.

இரண்டாவது கணக்குத் திறந்து நீங்களே உங்களை ஆதரிப்பது, அதாவது கைப்பாவைக் கணக்கு, கண்டுபிடிக்கப்பட்டால் அதன்பிறகு நீங்கள் சொல்லும் நியாயமும் எடுபடாது. உங்கள் அண்ணனும் அதே வீட்டு இணைப்பில் தொகுக்கிறார் என்றால், இருவரும் பயனர் பக்கத்தில் அதைச் சொல்லிவைப்பது நல்லது.

படி 6: நிர்வாகியிடம் போவது

கட்டுரையில் எது உண்மை என்று நிர்வாகி தீர்ப்புச் சொல்வதில்லை. நடத்தையைத்தான் பார்ப்பார். ஆகவே முறையிடும்போது கட்டுரைக் கதை முழுவதையும் கொட்ட வேண்டாம். வரலாற்றில் 'வேறுபாடு' என்ற இணைப்பைச் சொடுக்கினால் ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று பக்கத்துப் பக்கமாகத் தெரியும். அந்த இணைப்புகளை நேரத்தோடு நாலைந்து கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி எழுதுங்கள். உங்கள் மாற்றங்களையும் அவர் பார்ப்பார், தயாராக இருங்கள். அதே தகராறில் தானும் ஒரு தரப்பாகத் தொகுத்த நிர்வாகி, அந்தப் பக்கத்தைப் பூட்டவோ எதிர்த்தரப்பைத் தடை செய்யவோ கூடாது. அப்படி நடந்தால் மரியாதையாக வேறொரு நிர்வாகியைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நிர்வாகிகளே ஒரு கோஷ்டி ஆகிவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. குரோவாசிய விக்கிப்பீடியாவைத் தீவிர வலதுசாரிச் சாய்வுள்ள ஒரு சிறு குழு பல ஆண்டுகள் கையில் வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து யாசெனோவாட்ஸ் வதைமுகாமின் கொடுமையைக் குறைத்து எழுதினார்கள், கேள்வி கேட்டவர்களைத் தடை செய்தார்கள். 2013-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சர் ஸெல்கோ யோவனோவிச், மாணவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொன்னார். 2020-இல்தான் குழுவின் முக்கிய நிர்வாகி எல்லா விக்கித் தளங்களிலிருந்தும் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டது. இத்தனை தாமதம் எனக்கு ஏற்க முடியாதது. ஆனால் அந்த அறிக்கையை எழுத முடிந்ததற்குக் காரணம், தடை செய்யப்பட்டவர்கள் பல ஆண்டுகளாக, எல்லா விக்கிகளுக்கும் பொதுவான மெட்டா-விக்கி தளத்தில் ஆதாரத்தோடு எழுதிவைத்த முறையீடுகளும், அழியாமல் கிடந்த பக்க வரலாறும்.

மேலிடம் தலையிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2019-இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் ஒரு நிர்வாகியை அறக்கட்டளை காரணத்தை விளக்காமல் ஓராண்டு தடை செய்தது. அதை எதிர்த்து 20-க்கும் மேற்பட்ட நிர்வாகிகள் பொறுப்பை விட்டார்கள். கடைசியில் முடிவு நடுவர் குழுவிடம் வந்து, அந்தத் தடை நீங்கியது.

படி 7: முடிவு உங்களுக்கு எதிராக வந்தால்

ஒட்டுமொத்தமாக வெளியேறித் தனிக்கடை போடுவதும் நடந்திருக்கிறது. உள்ளடக்கத்தின் உரிமம் அதை அனுமதிக்கிறது. 2002-இல் விளம்பரம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஸ்பானிய விக்கிப்பீடியர்களில் பெரும்பாலோர் பிரிந்துபோய் வேறொரு கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் ஸ்பானிய விக்கிப்பீடியா அதைத் தாண்டிவிட்டது. ஒரு பத்திக்காக நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அந்தக் கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலிலிருந்து, அதாவது மாற்றங்களைப் பின்தொடர நீங்கள் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து, கொஞ்ச காலம் எடுத்துவிடுங்கள். பக்கத்து ஊர், ஊரின் ஏரி, ஆண்டுத் திருவிழா என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. சில மாதம் கழித்துப் புதிய ஆதாரம், ஒரு கல்வெட்டு வெளியீடோ பல்கலைக்கழக ஆய்வோ கையில் கிடைத்தால், பேச்சுப் பக்கத்தில் புதிய தலைப்பு ஒன்றைத் திறங்கள். முதல் வரியில் பழைய உரையாடலுக்கு இணைப்புக் கொடுங்கள், இரண்டாவது வரியில் அப்போது எட்டிய முடிவைச் சொல்லுங்கள், மூன்றாவது வரியில் புதிய ஆதாரத்தைப் பக்க எண்ணோடு வையுங்கள். கட்டுரையில் கை வைப்பது அதற்குப் பதில் வந்த பிறகு.