அல்கோல் மங்கும் இரவு: பலர் கோட்டைவிடும் இடங்கள்

பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள அல்கோல், ஒளி மாறுவதை வெறும் கண்ணாலேயே பார்க்க முடிகிற ஓர் இரட்டை விண்மீன். நம்மிடமிருந்து சுமார் 90 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒன்றையொன்று சுற்றும் இரண்டில், மங்கலானது பிரகாசமானதன் முன்னால் வரும்போது நமக்குக் கிடைக்கும் ஒளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. தொலைநோக்கி வேண்டாம், செலவும் இல்லை. அப்படியும் "பார்த்தேன், ஒரு மாற்றமும் தெரியலையே" என்பவர்கள் நிறைய. பெரும்பாலும் கோளாறு கடிகாரத்தில் இருக்கும், இல்லையென்றால் எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதில் இருக்கும்.

ஏதோ ஒரு இரவில் மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் பார்த்தால் ஒன்றும் நடக்காது. அல்கோலின் சுற்று 2 நாள் 20 மணி 49 நிமிடம். அதில் ஒன்று மற்றொன்றை மறைக்கும் கிரகணம் சுமார் 10 மணி நேரம்தான், மற்ற நேரமெல்லாம் 2.1 என்ற பொலிவெண்ணில் (விண்மீனின் ஒளியைக் குறிக்கும் எண்) ஏறக்குறைய அசையாமல் இருக்கும். கிரகணத்திலும் முதல் ஓரிரு மணி நேரம் இறக்கம் மிகச் சிறியது. உச்ச மங்கலுக்கு முந்தைய இரண்டு, மூன்று மணி நேரத்தில்தான் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும். அடிவானத்தருகே அது படபடவென்று மின்னுவது நம் காற்றின் வேலை. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பொலிவெண் கூடினால் ஒளி குறைகிறது என்பதும் நினைவிருக்கட்டும்: 2.1 பிரகாசம், 3.4 மங்கல்.

அடுத்தது நேரம். மங்கும் நேரப் பட்டியல்கள் பெரும்பாலும் உலக நேரத்தில்தான் (UT) வரும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கூட்டும்போது தேதி மாறுவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 14ஆம் தேதி 20:30 என்று பட்டியலில் இருந்தால் நமக்கு அது 15ஆம் தேதி அதிகாலை 2 மணி. 15ஆம் தேதி இரவு உணவை முடித்துவிட்டு மேலே போனால் எல்லாம் முடிந்து வெகு நேரம் ஆகியிருக்கும். ஒரு நேரம் கிடைத்துவிட்டால் அடுத்தவற்றை நாமே போட்டுவிடலாம்: மூன்று நாள் கூட்டி, 3 மணி 11 நிமிடம் கழித்தால் போதும். அந்தக் கணக்கில் 15 அதிகாலை 2 மணிக்குப் பிறகு 17 இரவு 10:49, அப்புறம் 20 மாலை 7:38. அதற்கடுத்தது பகலில் விழும், பயனில்லை. இரவு 10 மணியை ஒட்டி வருவதைத் தேர்ந்தெடுங்கள், இறக்கம் ஏற்றம் இரண்டும் கிடைக்கும்.

உண்மையில் அதிகம் தடுக்கி விழுவது ஒப்பீட்டில். ஒரு விண்மீனைத் தனியாக உற்றுப் பார்த்து, நேற்றைவிட மங்கலா என்று நினைவிலிருந்து சொல்ல எந்தக் கண்ணாலும் முடியாது. பக்கத்து விண்மீன்களோடு வரிசைப்படுத்தத்தான் வேண்டும். வழக்கமான நிலையில் அல்கோல், பக்கத்து ஆண்ட்ரோமெடா குழுவில் உள்ள அல்மாக் விண்மீனின் அளவு ஏறக்குறைய இருக்கும். மங்கி வரும்போது பெர்சியஸிலேயே உள்ள எப்சிலான் பெர்சி (பொலிவெண் 2.9), டெல்டா பெர்சி (3.0) இரண்டையும் தாண்டி இறங்கி, கடைசியில் அருகிலுள்ள முக்கோணக் குழுவின் ஆல்ஃபா டிரையாங்குலி (3.4) அளவுக்கு வந்து நிற்கும். பெர்சியஸின் மிகப் பிரகாசமான விண்மீனான மிர்ஃபாக் (1.8) எப்போதுமே அதைவிடப் பிரகாசமானது.

இதில் ஒரு வலை இருக்கிறது. அல்கோலுக்கு இரண்டு டிகிரி தள்ளி, ஒப்பிடக் கச்சிதமாக ரோ பெர்சி இருக்கிறது. அதுவும் ஒளி மாறும் விண்மீன்! 3.3க்கும் 4.0க்கும் இடையே தன் போக்கில் ஏறி இறங்கும் சிவப்பு விண்மீன் அது. அளவுகோலே நீண்டு சுருங்கினால் அளவை எப்படி நம்புவது? அல்மாக்கிடமும் கொஞ்சம் ஜாக்கிரதை. அது ஆரஞ்சு நிறம். அந்த நிற விண்மீன்களை வெறித்துப் பார்க்கப் பார்க்கப் பிரகாசமாகிக்கொண்டே போவதுபோல் தோன்றும். சட்டென்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்வதே நல்லது. பிப்ரவரி இரவுகளில் இன்னொரு சிக்கல்: அல்மாக் முதலில் மேற்கே சாய்ந்து, காற்றின் அடர்த்தியில் மங்கிவிடும். அந்த நேரத்தில் உயரமாக இருக்கும் எப்சிலானையே நம்புங்கள். தமிழ்நாட்டில் மழை ஓய்ந்த ஜனவரிதான் நல்ல பருவம். மாதத் தொடக்கத்தில் இரவு 8 மணி வாக்கில் அல்கோல் வடக்கே நன்றாக உயர்ந்து நிற்கும்.

தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்து தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டுக்கும் இடையே சுமார் 90 லட்சம் கிலோமீட்டர்தான். 90 ஒளியாண்டு தள்ளியிருந்து பார்க்கும்போது எந்த வீட்டுத் தொலைநோக்கியும் அதைப் பிரிக்காது. கைபேசியில் தானியங்கி முறையில் படமெடுத்து ஒப்பிடுவதும் வீண். ஒவ்வொரு படத்துக்கும் அது வேறு வேறு ஒளியளவு வைத்துக்கொள்ளும்.

விளக்கத்திலும் சில பிழைகள் சுற்றுகின்றன. மறைப்பது சின்ன விண்மீன் என்று எழுதிவிடுகிறார்கள். நிறையில் அது சிறியது, உருவத்தில் பெரியது. ஒரு காலத்தில் அதுவே கனமாக இருந்து, வீங்கி, தன் பொருளைத் துணைக்குக் கொடுத்துவிட்டது. சுற்றின் மறுபாதியில் பிரகாசமானது முன்னால் வரும்போதும் ஒரு கிரகணம் உண்டு, ஆனால் அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், 2019-20இல் திருவாதிரை மங்கியதை இதோடு சேர்ப்பவர்களும் உண்டு. அது தூசியின் விளைவு, கிரகணமே இல்லை.

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1782இல் காது கேளாத 18 வயது ஜான் குட்ரிக் வெறும் கண்ணால் அல்கோலைத் தொடர்ந்து பார்த்து, சுற்றுக் காலத்தைச் சில நிமிடப் பிழைக்குள் கண்டுபிடித்தார். ஒன்று முன்னால் வந்து மறைக்கலாம் என்றும் சொன்னார். 1889இல் ஜெர்மன் வானியலாளர் வோகல், ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை மூலம் அதை உறுதிசெய்தார். குட்ரிக்குக்குப் பட்டியல் எதுவும் இல்லை, அது ஒருவகையில் சாதகம். இன்று 10:40க்கு மங்கும் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் கண் 10:40க்குத்தான் மங்கலைக் காட்டும். ஒளியைக் குறித்துவிட்டு அப்புறம் பட்டியலைத் திறங்கள். மிக மங்கலாகத் தோன்றிய நொடியைக் குறிக்க முயலவும் வேண்டாம், அடிமட்டத்தில் மாற்றம் மிக மெதுவாக நடக்கும். இறங்கும்போது டெல்டாவுக்குச் சமமான நேரம், ஏறும்போது சமமான நேரம் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். 9:30, 11:50 என்றால் நடுவில் 10:40.

பட்டியலோடு அது பொருந்தாமல் போனால் உடனே உங்கள் குறிப்பை அடித்துத் திருத்தாதீர்கள். அல்கோலின் சுற்றுக் காலம் லேசாக மாறிக்கொண்டிருக்கிறது. கணக்கில் ஒரு நொடி பிசகினாலும் ஆயிரம் சுற்றில், அதாவது எட்டு ஆண்டுக்குள், 17 நிமிடம் தள்ளிப்போகும். பழைய பட்டியலாகவும் இருக்கலாம்.