ஒரே ஒரு பீஸுக்கு சிஎன்சி ப்ரோக்ராம்: துளையும் ஸ்லாட்டும் சீக்கிரம் முடிக்க

சிஎன்சியில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆயிரம் பீஸ் ஓடப்போகும் ஜாபுக்கு ப்ரோக்ராம் எழுத ஒரு நாள் ஆனாலும் தாங்கும். ஒரே ஒரு பிளேட், நாலு துளை, ஒரு ஸ்லாட் (நீளப் பள்ளம்) என்று வந்தால் அந்தக் கணக்கு எடுபடாது. சாதாரண ட்ரில்லிங் மெஷினில் மார்க் பண்ணிப் போட்டவர் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார். நாம் இன்னும் கீபோர்டிலேயே இருப்போம்.

நேரம் தட்டச்சில் போவதில்லை. ஜீரோ (அளவுகள் தொடங்கும் புள்ளி) எங்கே, எந்த டூலுக்கு என்ன நம்பர், எத்தனை ஆர்பிஎம் என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து யோசிப்பதில்தான் போகிறது. இவற்றை ஒரே தடவை முடிவுசெய்து மாற்றாமல் வைத்துக்கொண்டால், புது ஜாபுக்கு எழுத மிஞ்சுவது துளைகள் இருக்கும் இடம் மட்டுமே.

கீழே வருவது ஃபேனக் வகை கன்ட்ரோலுக்கான முறை. எழுத்துகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். மெஷினில் அந்தந்த எழுத்தைத் தட்டுங்கள். எடுத்துக்காட்டுக்கு 120 × 80 × 20 மிமீ மைல்ட் ஸ்டீல் பிளேட், விளிம்பிலிருந்து 15 மிமீ தள்ளி நாலு மூலையிலும் எம்8 டேப் துளை (8 மிமீ போல்ட்டுக்கு உள்ளே மரை வெட்டிய துளை), நடுவில் 10 மிமீ அகல ஸ்லாட்.

படி 1: ஜீரோவை வைஸோடு கட்டிப்போடுங்கள்

பீஸைப் பிடிக்கும் வைஸில் இரண்டு ஜா (தாடை): ஒரு ஜா நகரும், ஒரு ஜா நகராது. பெரும்பாலும் பின்பக்க ஜாதான் நகராதது. அதன் முகத்தை ஒய் ஜீரோ என்றும், இடதுபக்கம் மாட்டிய ஸ்டாப்பரை எக்ஸ் ஜீரோ என்றும் எட்ஜ் ஃபைண்டரால் (விளிம்பைத் தொட்டு இடம் கண்டுபிடிக்கும் கருவி) எடுத்து ஜி54இல், அதாவது மெஷின் ஜீரோவை நினைவில் வைக்கும் இடத்தில், பதியுங்கள். வைஸைக் கழற்றாதவரை அது நகராது. பிளேட் 50 மிமீ ஆனாலும் 150 மிமீ ஆனாலும் மூலை அதே இடம்தான்.

இதனால் ஒய் எண்கள் எல்லாம் மைனஸில் வரும். புதிதாகப் பழகுபவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ட்ராயிங்கில் அளவுகள் எந்த விளிம்பிலிருந்து தொடங்குகின்றனவோ, அந்த விளிம்பு நகராத ஜாவில் உட்காரும்படி பீஸைத் திருப்பி வையுங்கள்.

படி 2: டூல்களுக்கு நிரந்தர நம்பர்

1 ஃபேஸ்மில், 2 எண்ட்மில் 10 மிமீ, 3 ஸ்பாட் ட்ரில் (துளைக்கு முன் குழி போடும் டூல்) 12 மிமீ 90 டிகிரி. இந்த மூன்றும் மேகசினை (மெஷினின் டூல் அடுக்கு) விட்டு வெளியே வராது. அன்றைய ட்ரில்லும் டேப்பும் 8, 9இல் மாட்டலாம். டி நம்பரும் (டூல்) எச் நம்பரும் (அந்த டூலின் நீளம்) எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும்.

90 டிகிரி ஸ்பாட் ட்ரில்லை நான் விடவே மாட்டேன். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதன் இரண்டு மடங்கு விட்டத்துக்குக் குழி வரும். 4.5 மிமீ இறக்கினால் மேலே 9 மிமீ. எம்8 துளைக்கு சேம்ஃபர் (விளிம்புச் சரிவு) அப்போதே முடிந்துவிடுகிறது, பிறகு பர் (விளிம்புப் பிசிறு) எடுக்கத் தனி டூல் வேண்டாம்.

படி 3: துளைகளின் இடத்தை ஒரே தடவை எழுதுங்கள்

முறையின் உயிர் இங்கே இருக்கிறது. ஸ்பாட், ட்ரில், டேப் மூன்றும் அதே நாலு இடத்துக்குத்தான் போகின்றன. மூன்று தடவை எழுதினால் மூன்று தடவை தப்பு வர வாய்ப்பு. ஆகவே இடங்கள் ஒரு சப்-ப்ரோக்ராமில் (மெயின் ப்ரோக்ராம் எம்98ஆல் கூப்பிடும் துணை ப்ரோக்ராம், எம்99 வந்தால் திரும்பும்):

ஓ1001
எக்ஸ்15. ஒய்-15.
எக்ஸ்105. ஒய்-15.
எக்ஸ்105. ஒய்-65.
எக்ஸ்15. ஒய்-65.
எம்99

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் புள்ளியை விட்டுவிடாதீர்கள். பல மெஷின்களில் புள்ளி இல்லாத 15 என்பது 0.015 மிமீ.

மெயினில் ஸ்பாட் ட்ரில் பகுதி இப்படி (எம்6 டூல் மாற்றம், ஜி90 ஜீரோவிலிருந்து அளப்பது, ஜி91 நின்ற இடத்திலிருந்து அளப்பது, எஸ் ஆர்பிஎம், எம்3 சுழற்சி, எம்8 கூலன்ட், ஜி81 துளை சைக்கிள், எஃப் ஃபீடு, ஜி80 சைக்கிள் ரத்து):

டி3 எம்6
ஜி90 ஜி54 ஜி0 எக்ஸ்15. ஒய்-15.
எஸ்800 எம்3
ஜி43 எச்3 இசட்50. எம்8
ஜி99 ஜி81 இசட்-4.5 ஆர்3. எஃப்80. கே0
எம்98 பி1001
ஜி80 எம்9
ஜி91 ஜி28 இசட்0.
ஜி90

கே0 என்பதைக் கவனியுங்கள். "ஆழம், ஃபீடை நினைவில் வை, இப்போது துளை போடாதே" என்று அது சொல்கிறது. அது இல்லாவிட்டால் டூல் நின்ற இடத்திலேயே ஒரு துளை விழும், பிறகு சப் அதே இடத்தில் மறுபடியும் இறக்கும். சில கன்ட்ரோல்களில் கேக்குப் பதில் எல்0. மேலே கிளாம்ப் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் ஜி99ஐ ஜி98 ஆக்குங்கள். ஒவ்வொரு துளைக்குப் பிறகும் டூல் முழு உயரத்துக்கு ஏறிப் போகும்.

ட்ரில்லுக்கு இதே பகுதியைக் காப்பி எடுத்து டூல், ஸ்பீடு, சைக்கிள் வரி மூன்றை மட்டும் மாற்றுங்கள். எம்8 டேப்புக்கு 6.8 மிமீ ட்ரில். ஆர்பிஎம் என்பது கட்டிங் ஸ்பீடை 1000ஆல் பெருக்கி, 3.14ஆலும் விட்டத்தாலும் வகுப்பது. ஹெச்எஸ்எஸ் ட்ரில், நிமிடத்துக்கு 25 மீட்டர் என்றால் சுமார் 1170. 118 டிகிரி ட்ரில்லின் முனை, விட்டத்தில் 0.3 பங்கு, இங்கே 2 மிமீ. பிளேட் 20, முனை 2, வெளியேற 1, ஆக இசட்-23. ஜி83 என்பது க்யூ அளவு (இங்கே 4 மிமீ) இறங்கி, வெளியே வந்து, மறுபடி இறங்கும் சைக்கிள்:

ஜி99 ஜி83 இசட்-23. ஆர்3. க்யூ4. எஃப்140. கே0

டேப்புக்கு எஸ்400 வைத்தால் ஃபீடு 400 × 1.25 = 500. ரிஜிட் டேப்பிங் (சுழற்சியும் இறக்கமும் ஒன்றோடொன்று பூட்டி ஓடுவது) உள்ள மெஷினில் எம்29 எஸ்400 கொடுத்துவிட்டு ஜி84.

ட்ரில் இசட்-23க்கு இறங்கும்போது பிளேட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பழகிய புதிதில் நான் பார்க்கவில்லை. பிளேட்டுக்கு அடியில் வைக்கும், கிரைண்ட் பண்ணிய பேரலலில் (தாங்கு பட்டை) ஒரு துளை விழுந்தது, ட்ரில் முனையும் போனது. இன்றும் ஸ்டார்ட் பட்டனைத் தொடுமுன் பேரலல் எந்த வரிசையில் நிற்கிறது என்று விரலால் தொட்டுப் பார்ப்பேன்.

வட்டத்தில் துளைகள் கேட்டால் சைன், காஸ் கணக்கு வேண்டாம். ஜி52ஆல் வட்டத்தின் மையத்தைத் தற்காலிக ஜீரோ ஆக்கி, ஜி16 போட்டால் எக்ஸ் ஆரமாகவும் ஒய் கோணமாகவும் மாறும்: எக்ஸ்25. ஒய்0., எக்ஸ்25. ஒய்60. என்று போகலாம். இவை சைக்கிள் வரிக்கு முன்னால் வர வேண்டும். ஜி80க்குப் பிறகு ஜி15, ஜி52 எக்ஸ்0. ஒய்0. போட்டு ரத்து செய்யுங்கள். உங்கள் கன்ட்ரோலில் ஜி16 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 4: ஸ்லாட்டுக்கு இரண்டே வரி

8 மிமீ ஆழம், மையத்துக்கு மையம் 60 மிமீ. எக்ஸ்30. ஒய்-40.க்கு வந்து, ஜி1இல் (ஃபீடில் நகர்வது) இசட்0. வரை, அதாவது பிளேட்டின் மேல் முகம் வரை இறக்குங்கள். பிறகு எம்98 பி41002. கடைசி நாலு இலக்கம் சப் நம்பர், முன்னால் உள்ள 4 எத்தனை தடவை என்பது.

ஓ1002
ஜி91 ஜி1 எக்ஸ்60. இசட்-1. எஃப்80.
எக்ஸ்-60. இசட்-1.
எம்99

டூல் சரிவாக இறங்கிக்கொண்டே போய்வருவதால் நேராகக் குத்தி இறக்கும் சிரமம் இல்லை. நாலு தடவை முடிந்ததும், ஜி91 இன்னும் அமலில் இருக்கும்போதே எக்ஸ்60. என்று ஒரு தட்டையான பாஸ், பிறகு ஜி90 ஜி0 இசட்50. அகலம் துல்லியமாக வேண்டுமானால் 8 மிமீ எண்ட்மில்லால் போட்டு, சுவர்களை ஜி41 (டூல் ஆரத்தைக் கணக்கில் எடுக்கும் குறி) வைத்துத் தனியாக எடுங்கள்.

படி 5: காற்றில் ஒரு ஓட்டம்

ஒரே பீஸ் என்பதால் வீணாக்க இன்னொன்று கிடையாது. வொர்க் ஆஃப்செட் பக்கத்தில் எக்ஸ்டர்னல் ஆஃப்செட்டின் இசட்டில் 50. போடுங்கள். எல்லாமே 50 மிமீ மேலே ஓடும். ரேப்பிட் (வெட்டாத வேக நகர்வு) 25 சதவீதம், சிங்கிள் பிளாக் (ஒரு வரி ஓடி நிற்பது). டூல் ஒவ்வொரு துளைக்கும் நேர் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் அந்த 50ஐ மறக்காமல் 0 ஆக்கி, நிஜ ஓட்டத்திலும் ஒவ்வொரு டூலின் முதல் இறக்கத்தை சிங்கிள் பிளாக்கிலேயே விடுங்கள். திரையில் மிச்ச தூரம் 20 காட்டும்போது டூலுக்கும் அது போய் நிற்க வேண்டிய இடத்துக்கும் கண்ணளவில் 20 மிமீ இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். எச் நம்பர் தப்பாக இருக்கும்.

பீஸைக் கழற்றுமுன் எம்8 போல்ட் ஒன்றை நாலு துளையிலும் கையால் திருகிப் பாருங்கள். வைஸில் இருக்கும்போது என்றால் டேப்பை இன்னும் 2 மிமீ இறக்கிக்கொள்ளலாம். பிறகு மெயினை அப்படியே வைத்துவிட்டு, 1001இல் இருக்கும் நாலு வரிகளை மட்டும் அழித்துவிடுங்கள். அடுத்த பிளேட்டின் ட்ராயிங்கைப் பார்த்து நிரப்ப வேண்டியது அந்த இடத்தைத்தான்.