'சூதாரே': வியர்வைக்கான இலத்தீன் வினையைப் பழகும் முறை

கண்டி அம்பிட்டியவில் 1893இல் கத்தோலிக்கக் குருமடம் திறந்ததிலிருந்து மலையகத்தில் இலத்தீன் படித்து வருகிறார்கள். ஆனாலும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த வினையின் முதல் வாக்கியத்திலேயே சறுக்குவதுண்டு. நாம் 'எனக்கு வியர்க்கிறது' என்போம். அதே பழக்கத்தில் 'மிஹி சூதத்' என்று எழுதினால் பிழை. இலத்தீனில் வியர்ப்பவரே எழுவாய். 'சூதோ' என்றாலே போதும், 'நான்' அதற்குள் இருக்கிறது.

உச்சரிப்பில் ஒற்றைத் 'த'வைப் 'பாதை'யில் போலவும், 'த்த'வைப் 'பத்து'வில் போலவும் சொல்லுங்கள். சொல்லின் முடிவில் வரும் 'த்' வல்லோசைதான்.

சூதோ, சூதாரே, சூதாவீ, சூதாத்தும். வினையின் அடிப்படை வடிவங்களான இந்த நான்கையும் ஒன்றாகவே மனப்பாடம் செய்யுங்கள். 'சூதாரே'யில் 'ரே'யை நீக்கினால் 'சூதா' என்ற அடி கிடைக்கும். நிகழ்காலம் முழுவதும் அதிலிருந்தே வருகிறது: சூதோ, சூதாஸ், சூதத், சூதாமுஸ், சூதாத்திஸ், சூதன்த். தன்மை ஒருமையில் 'ஆ' ஓகாரத்தோடு கலந்து மறைந்துவிடும். 'த்', 'ன்த்' விகுதிகளுக்கு முன் அது குறிலாகும். 'சூதாத்' என்று நீட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

கொழுந்து எடுப்பவர்களை வைத்தே பழகலாம். 'ஃபேமினை இன் கொல்லே சூதன்த்': பெண்கள் மலையில் வியர்வை சிந்துகிறார்கள். நேற்றைக்கு 'ஹெரீ சூதாவேருன்த்', நாளைக்கு 'க்ராஸ் சூதாபுன்த்'. பாடுபட்டு உழைப்பதையும் இதே வினையால் சொல்லலாம். அதனால் மூன்று வாக்கியங்களும் மலை வேலைக்கு அப்படியே பொருந்தும்.

அதிகம் குழப்புவது 'ப'தான். எதிர்காலம் சூதாபோ, சூதாபிஸ், சூதாபித், சூதாபிமுஸ், சூதாபித்திஸ், சூதாபுன்த். கடந்த காலத்தில் தொடர்ந்து நடந்ததற்கோ சூதாபம், சூதாபாஸ், சூதாபத், சூதாபாமுஸ், சூதாபாத்திஸ், சூதாபன்த். 'ப'வுக்குப் பின் 'அ'வோ 'ஆ'வோ வந்தால் கடந்த காலம், மற்ற உயிர் வந்தால் எதிர்காலம். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால்தான் காதுக்குப் பிடிபடும்.

வியர்வைக்குப் பதிலாக இரத்தம் கசிந்தது என்று எழுத வேண்டுமா? கசியும் பொருளை ஐந்தாம் வேற்றுமையில் (ablative) வையுங்கள்: 'சாங்க்வினே சூதாரே'. செய்யுளில் இரண்டாம் வேற்றுமையும் (accusative) வரும்.

'சூதுஸ்' என்ற பெயரடையிடம் ஏமாறாதீர்கள். அதற்குப் பொருள் வறண்டது, மேகமற்றது. வியர்த்திருப்பவரைச் சொல்ல 'சூதான்ஸ்' என்றுதான் எழுத வேண்டும்.